மழையில நனைஞ்ச பைக் நடுவழியில நிக்குதா? ஸ்பார்க் பிளக் கேப்பை முதல்ல பாருங்க... கரிசல் காட்டு ரைடர்களுக்கு முழு விளக்கம்!

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்குக் கிளம்புகிறது ஒரு பைக். பாதி வழியில் இன்ஜின் திக்குகிறது. ரெண்டு தடவை ஜெர்க் அடிக்கிறது. அப்புறம் அப்படியே ஆஃப். டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. செல்ஃப் போட்டால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. சுற்றிலும் உளுந்தும் பாசியும் விதைத்த கரிசல் காடு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு ஒர்க்‌ஷாப் இல்லை.

"உதைச்சு உதைச்சு கால்தான் வலிக்குது, வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்ற புலம்பல் மழைக்காலத்தில் புதிதல்ல. இப்படி நிற்கும் வண்டிகளில் ஒரு பகுதிக்கு இன்ஜினில் எந்தக் கோளாறும் இருக்காது. கட்டை விரல் அளவே இருக்கும் ஒரு ரப்பர் மூடி லூஸ் ஆகியிருக்கும், அல்லது அதற்குள் ஈரம் இறங்கியிருக்கும். அதுதான் ஸ்பார்க் பிளக் கேப்.

அதை நீங்களே பார்த்துச் சரிசெய்ய முடியுமா? எப்போது மாற்ற வேண்டும்? எதைத் தொடவே கூடாது? விரிவாகப் பார்ப்போம்.

பிளக் கேப்பின் வேலை என்ன?

பைக் பேட்டரி 12 வோல்ட். ஆனால், சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்க அது போதாது. பிளக்கின் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்க வேண்டும் என்றால் ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை. இக்னிஷன் காயில்தான் இந்த வேலையைச் செய்கிறது. குறைந்த வோல்ட்டை வாங்கி, 10,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தித் தள்ளுகிறது.

அந்த மின்சாரம் காயிலிலிருந்து தடிமனான கறுப்பு வயர் வழியாக வருகிறது. மெக்கானிக்குகள் இதை 'பிளக் வயர்' என்பார்கள். வயரின் முனையில் இருப்பது கேப். பிளக்கின் தலையைக் கவ்விப் பிடித்து, மின்சாரம் வெளியே கசியாமல் உள்ளே அனுப்புவதுதான் இதன் வேலை. தூசியையும் தண்ணீரையும் தடுப்பதும் இதுவே.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒன்று 4,000 ஆர்.பி.எம். வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2,000 முறை, அதாவது நொடிக்குச் சுமார் 33 முறை கலவை பற்ற வேண்டும். இத்தனைக்கும் கரண்ட் போகும் வழி இந்த ஒரு கேப்தான்.

இந்தத் தொழில்நுட்பம் நூற்றாண்டைத் தாண்டியது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனப் பொறியாளர் காட்லோப் ஹோனால்ட் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோ, ஸ்பார்க் பிளக் அமைப்புக்கு 1902-ல் காப்புரிமை கிடைத்தது. நம் ஊரில் பெரியவர்கள் இன்றும் 'மைக்கோ பிளக்' என்பார்களே, அதுவும் இதே பாஷ் குடும்பம்தான். பெங்களூருவில் 1951-ல் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கமே மைக்கோ. 2008-ல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என மாறியது.

லூஸ் ஆனால் என்ன நடக்கும்?

கேப் முழுசாகக் கழன்றுவிட்டால் சிங்கிள் பிளக் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அது கண்ணுக்குத் தெரியும் என்பதால் சுலபம். பாதி லூஸாக இருக்கும்போதுதான் குழப்பமே. பள்ளத்தில் இறங்கினால் மிஸ்ஸிங், மேடு ஏறும்போது ஜெர்க், சமமான ரோட்டில் நார்மல். "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு", "கார்புரேட்டர் அடைச்சிருக்கு" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். செலவும் ஒவ்வொன்றாக ஏறும்.

இன்னொரு பாதிப்பும் உண்டு. பொறி விழாத ஒவ்வொரு முறையும் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்ஸருக்குப் போகிறது. அங்கே சூட்டில் பற்றினால் 'டப்' என்று வெடிச் சத்தம் கேட்கும். மைலேஜ் குறையும். பிஎஸ்-6 வண்டிகளின் சைலன்ஸரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் அது அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுப்போகும். சின்ன கேப்பைக் கவனிக்காமல் விட்டால் பெரிய செலவு வருவது இப்படித்தான்.

பல்சர் டிடிஎஸ்-ஐ போன்ற வண்டிகளில் ஒரே சிலிண்டருக்கு 2 பிளக் இருக்கும். இதில் ஒரு கேப் கழன்றாலும் வண்டி ஓடும். ஆனால் பிக்கப் குறையும், மைலேஜ் இறங்கும். "வண்டி ஓடுதே" என்று பல நாள் கவனிக்காமலேயே விட்டுவிட வாய்ப்பு அதிகம். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

கரிசல் மண்ணுக்கும் பிளக் கேப்புக்கும் என்ன சம்பந்தம்?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், கயத்தாறு வட்டாரத்துக் கரிசல் மண்ணில் களிமண் அதிகம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெயில் காலத்தில் வண்டிப் பாதைகளில் மாவு மாதிரித் தூசி பறக்கும். அந்தத் தூசி கேப்பின் ரப்பர் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வெயிலுக்கும் பங்கு உண்டு. வெளியே வெயில், உள்ளே இன்ஜின் சூடு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் நாள்பட நாள்பட விறைத்துப்போய் வெடிப்பு விடும். பிளக்கை இறுக்கமாகப் பிடிக்கும் தன்மையை இழக்கும்.

அப்புறம் வருகிறது ஐப்பசி, கார்த்திகை மழை. விறைத்த ரப்பரின் இடைவெளி வழியாக ஈரம் உள்ளே இறங்குகிறது. ஏற்கெனவே ஒட்டியிருந்த தூசி, ஈரத்தோடு சேர்ந்து மின்சாரம் போக ஒரு பாதையாகிவிடுகிறது. மின்சாரம் சுலபமான வழியைத்தான் தேடும். பிளக்கின் நுனிக்குப் போக வேண்டிய கரண்ட், பிளக்கின் வெளிப்புறம் வழியாகவே இன்ஜின் ஹெட்டுக்கு இறங்கிவிடும். நுனியில் பொறி இருக்காது. வண்டி நிற்கும்.

மட்கார்டுக்குள் அப்பிய கரிசல் சேற்றை எடுக்க வாட்டர் வாஷ் விடுவதும் இங்கே சகஜம். பிரஷர் பைப்பை நேராக இன்ஜின் ஹெட்டில் பிடித்தால், மழையே இல்லாத நாளிலும் கேப்புக்குள் தண்ணீர் புகுந்துவிடும். "சர்வீஸ் விட்டுட்டு வந்ததுல இருந்துதான் மக்கர் பண்ணுது" என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

3.88 லட்சம் ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்த சுஸுகி!

"ஒரு வயருக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று தோன்றலாம். 2024 ஜூலையில் சுஸுகி மோட்டார்சைக்கிள் இந்தியா நிறுவனம் இந்தியாவில் விற்ற 3,88,411 ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தது. காரணம், இக்னிஷன் காயிலோடு இணைந்த இதே பிளக் வயர்தான்.

ஆக்சஸ் 125 வண்டிகள் 2,63,788, பர்க்மேன் ஸ்ட்ரீட் 72,045, அவெனிஸ் 52,578 எனப் பட்டியல் நீண்டது. 2022 ஏப்ரல் 30 முதல் டிசம்பர் 3 வரை தயாரானவை இவை. வண்டி ஓடும்போது வயர் திரும்பத் திரும்ப வளைந்து அசைவதால் வெடிப்பு விட்டு அறுந்துபோகலாம், அதனால் இன்ஜின் ஓடும்போதே நின்றுவிடலாம் அல்லது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்பதே சொல்லப்பட்ட காரணம். வெடித்த வயரில் தண்ணீர் பட்டால் கரண்ட் கசிந்து, ஸ்பீடு சென்சாரும் த்ராட்டில் சென்சாரும்கூடப் பழுதாகலாம் என்றும் கூறப்பட்டது.

இதற்கு முன், 2021 மே மாதம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு, 7 நாடுகளில் 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. அதற்குக் காரணம் இக்னிஷன் காயில். மிஸ்ஃபயர் ஆகலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட் ஆகலாம் என்று நிறுவனமே அறிவித்தது.

இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கேப் லூஸ் ஆவது வேறு, வயர் வெடிப்பது வேறு. முதலாவதை வழியிலேயே அழுத்திச் சரிசெய்யலாம். இரண்டாவதை டேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். உங்கள் வண்டி ரீகால் பட்டியலில் இருந்தால் அந்த உதிரிபாகத்தை நிறுவனம் இலவசமாகவே மாற்றித் தரும். சேசிஸ் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்திலோ ஷோரூமிலோ கொடுத்துக் கேட்கலாம்.

வழியில் நின்றால் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, உங்களைப் பாதுகாத்துக்கொள்வது. மதுரை - திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் லாரிகளும் ஆம்னி பஸ்களும் வரும் வேகத்தில், நடுவில் நின்ற பைக் பெரிய ஆபத்து. கிக்கரை உதைத்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டாம். வண்டியை இடது ஓரத்துக்கு, முடிந்தால் சாலையை விட்டே கீழே இறக்குங்கள். இருட்டு என்றால் இண்டிகேட்டரை எரியவிடுங்கள்.

அடுத்து, சாதாரண விஷயங்களை முதலில் பாருங்கள். கில் சுவிட்ச் ஆன்ல இருக்கா? பெட்ரோல் இருக்கா? புது மாடல் என்றால் சைடு ஸ்டாண்டு எடுத்தாச்சா? இதெல்லாம் சரி என்றால் கேப்புக்கு வரலாம்.

சாவியை ஆஃப் செய்யுங்கள். இன்ஜின் சூடு தணியும் வரை காத்திருங்கள். ஹெட்டில் கை பட்டால் தோல் வெந்துவிடும்.

கேப்பை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் நேராக வைத்து அழுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் 'டிக்' என்று பிடித்துக்கொள்வது கைக்குத் தெரியும். இவ்வளவிலேயே பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஆகவில்லையா? கேப்பைக் கழற்றிப் பாருங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கேப்பின் உடலைப் பிடித்து, லேசாகத் திருகி, நேராக வெளியே எடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, வாயால் ஊதாமல் காற்றில் ஆறவிடுங்கள். வாயால் ஊதினால் மறுபடியும் ஈரம்தான் போகும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பகுதியையும் துடையுங்கள். திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ஸ்கூட்டர்களில் பிளக் உள்ளே மறைந்திருக்கும், ஒரு சின்ன மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். சில புதிய வண்டிகளில் காயிலே பிளக்கின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும், தனியாக வயர் இருக்காது. அப்படி இருந்தால் வழியில் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

கேப் ஏன் அடிக்கடி கழலுது?

அழுத்தினால் மாட்டுகிறது, ஆனால் நாலு நாளில் மறுபடியும் லூஸ் என்றால் காரணத்தைத் தேட வேண்டும். முக்கியமானவை நான்கு.

ஒன்று, பிளக்கின் தலையில் உள்ள நட். பலரும் கவனிக்காத விஷயம் இது. பல பிளக்குகளின் உச்சியில் கழற்றக்கூடிய குட்டி நட் ஒன்று இருக்கும். சில வண்டிகளின் கேப், நட் இருந்தால்தான் கவ்வும். பல பைக்குகளின் கேப், நட்டைக் கழற்றிய பின் தெரியும் மெல்லிய மரையில்தான் கவ்வும். புது பிளக் போட்ட பிறகு கேப் லூஸ் ஆனது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். பழைய பிளக்கில் நட் இருந்ததா, இல்லையா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நட் தேவைப்படும் வண்டியில் அதுவே லூஸாக இருந்தால், கொறடால் மெதுவாக இறுக்கினால் போதும்.

இரண்டு, கேப்புக்குள் இருக்கும் கவ்வி. பிளக்கைப் பிடிக்கும் சின்னக் கம்பி ஸ்பிரிங் விரிந்திருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ பிடிமானம் போய்விடும். இதற்குக் கேப்பை மாற்றுவதே தீர்வு.

மூன்று, ரப்பர். விரலால் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். விறைத்துப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

நான்கு, வயரும் கேப்பும் சேரும் இடம். பிளக் பக்கம் கேப் உறுதியாக இருக்கும், ஆனால் வயர் கேப்பிலிருந்து கழன்று வரும். இந்த இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் கரண்ட் சரியாகப் போகாது.

வீட்டிலேயே கேப் மாற்றுவது எப்படி?

கேப் தனியாகக் கழலும் வகை என்றால் கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். வயரும் கேப்பும் காயிலோடு ஒட்டியே வந்திருந்தால், காயில் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். அது மெக்கானிக் வேலை.

1. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சாவி ஆஃப்.

2. கேப்பைப் பிளக்கிலிருந்து எடுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மண் இருந்தால் துடைத்துவிடுங்கள்.

3. வயரை ஒரு கையில் பிடித்து, கேப்பை இடப்பக்கமாக, அதாவது திருகாணியைக் கழற்றுவதுபோலச் சுற்றுங்கள். உள்ளே இருக்கும் திருகு கழன்று கேப் வெளியே வரும்.

4. வயரின் முனை கறுத்தோ களிம்பு பிடித்தோ இருந்தால், சுமார் 5 மி.மீ. அளவுக்கு நேராக வெட்டிவிடுங்கள். உள்ளே செம்புக் கம்பி பளிச்சென்று தெரிய வேண்டும். வயர் ஏற்கெனவே குட்டையாக இருந்தால் வெட்ட வேண்டாம்.

5. புதிய கேப்பின் திருகு, செம்புக் கம்பியின் நடுவில் இறங்குமாறு வைத்து வலப்பக்கமாகச் சுற்றுங்கள். லேசாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

6. பிளக்கில் நேராக அழுத்தி மாட்டுங்கள். வயர் சைலன்ஸரிலோ இன்ஜின் ஹெட்டிலோ உரசாமல், பழைய வழியிலேயே போகிறதா என்று பாருங்கள்.

கடையில் கேட்கும்போது வண்டி மாடலையும் ஆண்டையும் சொல்லுங்கள், பழைய கேப்பையும் கையில் கொண்டுபோங்கள். எல் வடிவம், நேர் வடிவம் என்று வகைகள் உண்டு. பல கேப்புகளுக்குள் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். பொறியால் எழும் மின் இரைச்சல் ரேடியோவையும் வண்டியில் உள்ள கம்ப்யூட்டரையும் தொந்தரவு செய்யாமல் இருக்க அது உதவுகிறது. 5 கிலோ ஓம் என்பது பரவலாக இருக்கும் அளவு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவுக்கு அருகில் காட்ட வேண்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் கேப்புக்குள் இணைப்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். ரெசிஸ்டர் இருந்த இடத்தில் இல்லாத கேப்பைப் போட்டால், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் புதுத் தலைவலி வரலாம்.

செய்யவே கூடாதவை என்னென்ன?

இன்ஜின் ஓடும்போது கேப்பைத் தொடாதீர்கள். வெடிப்பு விட்ட கேப்பிலிருந்து ஷாக் அடிக்கும். கை உதறி வண்டியோடு விழ வாய்ப்புண்டு. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்கே போகக் கூடாது.

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, ஹெட்டில் வைத்துப் பொறி பார்க்கும் பழைய முறையை எங்கும் பார்க்கலாம். பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும் நேரம் அது. ஒரு பொறி போதும். கேரியரில் தீப்பெட்டி பண்டலோ, பட்டாசோ, மருந்தடிக்கும் பவர் ஸ்ப்ரேயருக்கு வாங்கிய பெட்ரோல் கேனோ இருந்தால் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊரில் இது சும்மா சொல்லும் எச்சரிக்கை அல்ல. பிளக்கை எதிலும் படாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு கிக்கரை உதைத்தால் காயிலும் சிடிஐ-யும் பழுதாகலாம்.

மழைக்குப் பாலித்தீன் பையைப் பிளக்கின் மேல் சுற்றிக் கட்டுவதும் தவறு. சூட்டில் உருகி ஹெட்டில் ஒட்டும், உள்ளே ஈரத்தையும் பிடித்து வைக்கும். பேரிங் கிரீஸ் தடவினால் ரப்பர் கெடும், தூசி சேரும். கடைகளில் கிடைக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸை ரப்பர் விளிம்பின் உள்பக்கம் கொஞ்சமாகத் தடவலாம்.

பிளக்கையே மாற்றும்போது பிளக் பானாவை வைத்து முரட்டுத்தனமாக இறுக்கக் கூடாது. முதலில் கையாலேயே கடைசி வரை சுற்றிவிட்டு, புது பிளக் என்றால் கால் முதல் அரைச் சுற்று இறுக்கினால் போதும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

கேப்தான் காரணமா? எப்படி உறுதி செய்வது?

வாய்ப்பு இருந்தால் இருட்டில், வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஐடிலிங்கில் விட்டு, தள்ளி நின்று பாருங்கள். கேப்பைச் சுற்றியோ வயரின் மேலோ நீல நிறத்தில் பொறி தெரிந்தாலோ, 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டாலோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். பெட்ரோல் ஒழுகும் வண்டியில் இதைச் செய்யக் கூடாது. பெட்ரோல் வாடை வந்தால் உடனே ஆஃப் செய்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேப் மாற்றியும் மிஸ்ஸிங் தொடர்ந்தால் பிளக், காயில், பெட்ரோல் லைன் என்று அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். பிஎஸ்-6 வண்டியில் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், அதற்கு மேல் ஊகம் வேண்டாம். ஸ்கேனர் உள்ள சர்வீஸ் சென்டர்தான் சரி.

மழைக்கு முன்னாடி 5 நிமிஷம்!

புரட்டாசி முடிவதற்குள், அடுத்த ஆயில் சர்வீஸுக்கு விடும்போது "பிளக் கேப்பையும் வயரையும் பார்த்துடுங்கண்ணே" என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ரப்பரில் வெடிப்பு, வயரில் எலி கடித்த தடம், கவ்வியில் துரு, இந்த மூன்றையும் பார்த்தால் போதும். களை வெட்டும் இயந்திரம், பவர் ஸ்ப்ரேயர் வைத்திருக்கும் விவசாயிகள் அவற்றையும் சேர்த்தே பார்க்கலாம். அவற்றின் பெட்ரோல் இன்ஜினிலும் இதே மாதிரி ஒரு கேப்தான் இருக்கிறது.

கேப் தனியாக என்றால் செலவு சொற்பம். ராத்திரி எட்டு மணிக்கு, மழையில், ஆளில்லாத கரிசல் ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதைவிட அது ரொம்பவே லாபம். டூல் கிட்டில் ஒரு பிளக் பானாவும் உலர்ந்த துணியும் போட்டு வைக்க மறக்காதீங்க!